வரி ரசீதில் இருக்கிற பெயர்

அன்பு மகளுக்கு,

இங்கே நான், அப்பா, அவருடைய இரண்டு தையல் மெஷின்கள் எல்லோரும் சுகம். நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன், குட்டிக்குப் பல் முளைக்கிற காய்ச்சல் விட்டதா, அதை முதலில் எழுது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார், கடைக்கு வந்தவர் போனவர் எல்லாரும் நம் பேச்சைக் கேட்கிறார்கள், போன வாரம் குட்டிக்கு வயிறு சரியில்லை என்று நீ சொன்னதற்கு, சட்டைக்கு அளவு கொடுக்க வந்த பள்ளிக்கூட வாத்தியார் மருந்து சொல்லிவிட்டுப் போனார். ஆகையால் கடிதம். அதோடு இதில் வரி விஷயம் நிறைய வருகிறது, போனில் சொன்னால் நீ ம் ம் என்று சொல்லிக்கொண்டே பாத்திரம் கழுவுவாய், எனக்குத் தெரியாதா.

நீங்கள் வாங்கப் பார்க்கிற வீடு என்று நீ அனுப்பின படங்களை அப்பா போட்டோக் கடையில் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, துணி வெட்டுகிற மேசைக்கு மேலே குண்டூசி குத்தி வைத்திருக்கிறார். பேன்ட் சுருக்க வந்தவர்களுக்கெல்லாம் உன் வீட்டுக் குளியலறை மனப்பாடம். கூடவே நீ எழுதின விவரத்தையும் நான்கு தடவை படித்தார். வீட்டுக் கடனுக்குக் கட்டுகிற வட்டியை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், மாப்பிள்ளைக்குச் சம்பளம் பெரிது, அதனால் கழிவும் பெரிது, உனக்கு அரைநாள் வேலை, அரைச் சம்பளம், அதற்கு வரியே இல்லை, ஆகவே உன் பெயரையும் பத்திரத்தில் சேர்த்தால் உன் பங்குக்கு வருகிற கழிவு வீணாய்ப் போகும், அதனால் அவர் பெயரில் மட்டும் வாங்குகிறோம் என்று எழுதியிருந்தாய். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். பாத்தியா, அப்படியே என் மூளை, என்றார். பதினைந்து வருஷம் நான் உன்னைக் கணக்குப் பாடத்துக்கு உட்கார வைத்தேன், மூளை மட்டும் அவருடையது. சரி, இருக்கட்டும். முன்பணத்தில் கொஞ்சம் குறைகிறது, முடியாவிட்டால் ஒரு வருஷம் கழித்துப் பார்க்கலாம் என்று கடைசியில் இரண்டு வரி எழுதினாய் அல்லவா, அந்த இரண்டு வரிதான் இங்கே வீட்டைத் தலைகீழாக்கிவிட்டது. எதுக்கு ஒரு வருஷம் காத்திருக்கணும், நாம ரெண்டு பேருக்கு இவ்வளவு பெரிய வீடு எதுக்கு, வித்து அனுப்பிடலாம், கடைக்குப் பக்கத்துல ரெண்டு ரூம் வாடகைக்குப் பாத்துக்கலாம் என்று அப்பா ஒரு காலை நேரத்தில் சொன்னார். கடையே இந்த வீட்டு முன்னறைதான், வீட்டை விற்றால் எந்தக் கடைக்குப் பக்கத்தில் என்று நான் கேட்டேன். சாயங்காலமே தரகர் வந்துவிட்டார்.

தரகரை உனக்கு நினைவிருக்கும், தெருவே ரெண்டு பெர்சென்ட் என்று கூப்பிடுமே, அவர்தான். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். எட்டே நாளில் ஆள் பிடித்துவிட்டார், முனையில் இருக்கிற மருந்துக் கடைக்காரர், குடோனுக்காக. அவர் வந்து வீட்டைப் பார்த்தார், நான் துடைத்துப் பெருக்கி வைத்திருந்த ஒன்றையும் பார்க்கவில்லை, தரை எவ்வளவு எடை தாங்கும் என்று மட்டும் கேட்டார். உன் அப்பா மறுநாளிலிருந்து சாக்குக்கட்டியால் மேசை மேலேயே கணக்குப் போட ஆரம்பித்தார், விலை இவ்வளவு, தரகு இவ்வளவு, மகளுக்கு இவ்வளவு, என்று. அந்தக் கணக்கில் ஒரு இடத்தில்கூட வரி என்ற சொல் இல்லை. எனக்கு அங்கேதான் சந்தேகம் வந்தது. வீடு என்று ஒன்று இருந்தால் வாங்கும்போது வாங்கினதற்கு வரி, வைத்திருக்கும்போது வைத்திருப்பதற்கு வரி, அப்படியிருக்க விற்கும்போது மட்டும் போய்ட்டு வாங்க என்று சும்மா கையாட்டி அனுப்புவார்களா.

இந்த இடத்தில் உனக்குப் பழைய கதை ஒன்று சொல்ல வேண்டும். அப்பா வாயால் நூறு தடவை கேட்டிருப்பாய், என் வாயால் கேட்டதில்லை. இருபத்தாறு வருஷம் முன்னால் இந்த வீட்டை வாங்கப் பத்திர ஆபீசுக்குப் போனோம், நீ என் இடுப்பில். வாங்குகிற விலையில் ஒரு பங்கை முத்திரைத் தீர்வை என்று கட்ட வேண்டும், அதற்கு மேல் பதிவுக் கட்டணம், அவ்வளவும் வீட்டுக்காரருக்கும் போகாது, நமக்கும் திரும்பாது. எண்ணி எண்ணிப் பணம் எடுத்து வந்திருந்த அப்பாவுக்கு அதைக் கேட்டதும் முகம் சுண்டிப்போய்விட்டது. வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு ஆள், பொம்பளை பேர்ல வாங்கினா தீர்வைல தள்ளுபடி உண்டே சார், தெரியாதா என்றார். அந்த டீ ஆறுவதற்குள் முடிவாகிவிட்டது. எழுதி முடித்திருந்த பத்திரத்தைக் கிழித்துவிட்டு என் பெயரில் எழுதச் சொன்னார். என்னிடம் கேட்டாரா என்று கேட்காதே. இங்க ஒரு கையெழுத்துப் போடு, இங்க ஒண்ணு, சீக்கிரம், ஆபீசர் சாப்பிடப் போயிடுவார், என்று பக்கம் பக்கமாகத் தள்ளினார், குழந்தையை மாற்றி மாற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் போட்டேன். மிச்சமான பணத்தில் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் வாங்கினார். அன்றிலிருந்து ஒரு கல்யாணம் விட்டதில்லை, ஒரு வளைகாப்பு விட்டதில்லை, வீடு வாங்குகிற பேச்சு எடுத்தவர்களுக்கெல்லாம் இந்தக் கதை உண்டு. நான் தீர்வையில மிச்சம் பிடிச்சேன், அந்தக் காசுதான் இந்த மெஷின், என்பார். கதையில் நான் வரவே மாட்டேன், மெஷின் வரும்.

வாங்குகிற வரி ஒரு நாளோடு போய்விட்டது. வைத்திருக்கிற வரி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்துகொண்டே இருக்கிறது. அப்பாவுக்கு வெட்டுகிற வேலை, கத்தரியைக் கீழே வைத்தால் துணி கோணிக்கொள்ளும், ஆகையால் வரிசையில் நிற்பது என் வேலை. இருபத்தாறு வருஷம், ஐம்பத்திரண்டு ரசீது, எல்லாம் பாவாடை அளவு வெட்டின பழைய பேப்பருக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது. கவுன்டரில் என் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள், நான் போய்ப் பணத்தைக் கட்டிவிட்டு வருவேன், யாரோ ஒருத்தியின் பெயருக்குப் பதிலாக நான் வந்திருக்கிறேன் என்பது போலத்தான் அத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்த வருஷம் வரிக்காக வீட்டை அளக்க ஒருவர் வந்தது உனக்குத் தெரியாது. நல்ல மனுஷன், வெயிலில் களைத்து வந்திருந்தார், முன்னறையில் வெட்டுகிற மேசை தடுத்ததால் அதுவரைக்கும் டேப்பை வைத்துப் பார்த்துவிட்டுப் பதினொரு அடி என்று எழுதிக்கொண்டார். உன் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. சார், அது பதினொண்ணு இல்ல, பதிமூணேகால், தைக்கிறவன் வீட்டுல அளவு தப்பக் கூடாது, என்று மேசையைத் தானே இழுத்துப் போட்டு, டேப்பின் மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டார். அத்தோடு விட்டாரா, பின்பக்கம் துணி காயப்போடத் தகரம் போட்டிருந்தோமே, இதுவும் நம்ம இடம்தான் சார், இதையும் எழுதிக்குங்க என்று காட்டினார். சட்டைக்கு அளவு எடுக்கும்போது அரை முழம் மிச்சம் பிடிக்கிற மனுஷன், வரிக்கு அளவு கொடுக்கும்போது அவ்வளவு தாராளம். வரி ஒன்றரை மடங்கானது. வசிக்கிற இடத்துக்கு ஒரு வரி, கடைக்கு அதைவிடக் கூடுதல் வரி, வாடகைக்கு விட்டால் அது ஒரு விதம், இதெல்லாம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நோட்டீசைப் பார்த்தால் சமையலறையையும் கடையில் சேர்த்திருந்தார்கள், நடுவில் கதவு இல்லாததால். வரி ஆபீசுக்கு மூன்று நாள் அலைந்தேன். சமையலறைல வியாபாரம் நடக்குதாம்மா என்று அங்கே இருந்த அதிகாரி கேட்டார், நடந்திருந்தா இத்தனை வருஷத்துக்கு எனக்குச் சம்பளம் வந்திருக்குமே சார் என்றேன். சிரித்துவிட்டுக் கடைக் கணக்கிலிருந்து அடித்துத் தந்தார். சமையலறையை அப்படித்தான் மீட்டுக்கொண்டு வந்தேன், அந்தக் கதையை அப்பா எந்தக் கல்யாணத்திலும் சொன்னதில்லை.

இப்போது போன வியாழக்கிழமைக்கு வருகிறேன். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் எல்லாரும் பத்திரம் எழுதுகிறவரின் அறைக்குப் போனோம். சின்ன அறை, மேசை மேலே ரப்பர் ஸ்டாம்புகள், ஒரு பக்கம் மட்டும் திரும்புகிற ஃபேன், நான்கு நாற்காலி. அப்பா, ரெண்டு பெர்சென்ட், மருந்துக் கடைக்காரர், அவர் மச்சான் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள், நான் பேப்பர் பையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றேன். எழுதுகிறவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஓனர் யாருங்க என்று கேட்டார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, நான்தான் என்றார். அவர் பத்திரத்தைப் புரட்டினார், வரி ரசீதைப் புரட்டினார், மறுபடியும் பத்திரத்தைப் புரட்டினார். அப்போ இது யாரு என்று என் பெயரைப் படித்தார். நான்தாங்க என்றேன். உடனே மருந்துக் கடைக்காரரின் மச்சான் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார். பத்திரம் எழுதுகிற அந்தப் பெரியவர் என்னைப் பார்த்து, இந்த வீட்டை விக்க உங்களுக்குச் சம்மதமாம்மா என்று கேட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், இந்த வீட்டைப் பற்றி யாரும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அழுதுவிடுவேனோ என்ற பயத்தில், வித்தா எவ்வளவு வரி வரும் என்று கேட்டுவிட்டேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். வாங்கின விலைக்கும் விற்கிற விலைக்கும் நடுவில் இருக்கிறது ஆதாயம், அதற்கு ஒரு வரி, விற்கிறது நான் என்பதால் அது என் பெயரில் வரும். இருபத்தாறு வருஷத்தில் எனக்கு இவ்வளவு ஆதாயம் வந்திருக்கிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். அந்தப் பணத்தில் என் பெயரிலேயே இன்னொரு வீடு வாங்கினால் வரி இல்லை, மகளுக்குக் கொடுத்து அது மாப்பிள்ளையின் வீடாகிவிட்டால் முழுசாகக் கட்ட வேண்டும். தோராயமாக ஒரு தொகை எழுதிக் காட்டினார், மாடி அறையையும் படிக்கட்டையும் பெயர்த்துக் கொடுத்த மாதிரி இருந்தது. அப்பா முகத்தில் ஈயாடவில்லை. ரெண்டு பெர்சென்ட் குனிந்து, இதுக்கு ஏன் கவலை, பத்திரத்துல விலையைக் கம்மியாப் போடுவோம், மீதியைக் கைல வாங்கிக்கலாம், ஊரே அப்படித்தான் செய்யுது என்றார். மருந்துக் கடைக்காரரும் தலையாட்டினார், குறைத்து எழுதினால் அவருக்கும் தீர்வை குறையும் அல்லவா. ஊர் பேர்ல நோட்டீஸ் வராது, என் பேர்லதான் வரும் என்றேன். பேப்பர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்தேன், யோசிச்சுச் சொல்றேன் என்றேன், எழுந்துவிட்டேன். இவ்வளவையும் செய்தது நான்தானா என்று வீடு வந்து சேரும்வரை எனக்கே நம்பிக்கை வரவில்லை.

அன்றைக்கு அப்பா சாப்பிடும்போது, உன் பேர்ல போட்டது சும்மா தள்ளுபடிக்காகத்தானே என்றார். கோபமாகக்கூட இல்லை, எனக்கு மறந்துபோயிருந்தால் ஞாபகப்படுத்தலாமே என்பது போல. தெரியுங்க, தள்ளுபடி அன்னைக்கே செலவாயிடுச்சு, அந்த மெஷினும் இப்ப நூலை அத்துக்கிட்டு நிக்குது, பேரு மட்டும்தான் பழுதாகாம இருக்கு என்றேன். மூன்றாம் நாளிலிருந்து கிண்டல். வீட்டுக்காரம்மா, இந்தச் சுவத்துல ஒரு ஆணி அடிக்கலாமா, வீட்டுக்காரம்மா, ஜன்னலைத் திறந்துக்கட்டுமா என்று ஒவ்வொன்றுக்கும் உத்தரவு கேட்கிறார். ஆணிக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டேன், சுவர் ஏற்கெனவே உதிர்கிறது. நேற்று மட்டும் பட்டன் தைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஏன் வேண்டாங்கிற, பொண்ணுக்குத்தானே என்று மெல்லக் கேட்டார். அதில் கிண்டல் இல்லை. அவருக்குச் சொன்ன பதிலைத்தான் உனக்கும் எழுதுகிறேன்.

நான் கையெழுத்துப் போடப் போவதில்லை கண்ணு. உனக்குக் கொடுக்க மனசில்லாமல் இல்லை, உனக்கில்லாதது எனக்கு எதற்கு. ஆனால் ஒரு ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு யோசித்தேன். நான் இதை விற்று, நீ அங்கே பெயரில்லாமல் வாங்கினால், ஒரே மாதத்தில் நம் குடும்பத்தில் இரண்டு பொம்பளைகள் வீடில்லாதவர்கள் ஆகிவிடுவோம், அதுவும் வரிச் சலுகையோடு. மாப்பிள்ளையை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன், தங்கமானவர். உன் அப்பாவும் தங்கமானவர்தான். தங்கமானவர் கூடவே இருந்துதான் ஓனர் யார் என்று கேட்டபோது நான் கதவோரம் நின்றேன். உன் அப்பா ஒரு காசுக்கு ஆசைப்பட்டு எனக்கு ஒரு வீட்டைக் கொடுத்துவிட்டார், அவருக்கே தெரியாமல். நீங்கள் ஒரு காசுக்கு ஆசைப்பட்டு உனக்கு இருக்க வேண்டியதை விட்டுவிடப் பார்க்கிறீர்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகையால் நான் முடிவு பண்ணினது இது. மாடி அறையை வாடகைக்கு விடுகிறேன். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற நர்ஸ் ஒருத்தி கேட்டிருக்கிறாள், அமைதியான பெண், ராத்திரி டூட்டி. உன் பழைய அலமாரியைக் காலி பண்ணிவிட்டேன், நீ எட்டாவதில் வாங்கின கப்பை மட்டும் கீழே கொண்டு வந்து வைத்திருக்கிறேன். வாடகைக்கு விட்டால் வீட்டு வரி கூடும், நானே ஆபீசில் போய்ச் சொல்லிவிட்டேன், அப்பா மாதிரி அளந்து காட்டவில்லை, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். கூடின வரி போக வருகிற வாடகை உனக்கு. முன்பணம் இப்போது சேராது, உண்மைதான். ஒரு வருஷம் பொறு, நீயே எழுதினாயே, வீடு எங்கேயும் ஓடிப்போகாது, இது இல்லாவிட்டால் வேறொன்று. வாங்குகிற அன்றைக்கு உன் பெயரைப் பாதிக்குப் போட்டு, அதனால் வருஷத்துக்கு எவ்வளவு கழிவு வீணாகிறதோ அதைக் கணக்குப் போட்டு எழுது, அந்தத் தொகையை வருஷா வருஷம் நான் அனுப்புகிறேன். கடன் முடிகிறவரைக்கும். நான் இல்லாமல் போனாலும் மாடி அறை இருக்கும், இந்த வீடு யாருக்கு என்று எழுதி வைக்கவும் பத்திரம் எழுதுகிற பெரியவரிடம் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மாப்பிள்ளையிடம் இதைப் படித்துக் காட்டு, மறைக்காதே. அத்தை பைத்தியமா, வரியை வேண்டுமென்றே அதிகம் கட்டச் சொல்கிறாரே என்று அவர் கேட்டால், ஆமாம் என்று சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். குட்டியைக் குளிரில் வெளியே தூக்கிக்கொண்டு போகாதே. அரைநாள் வேலைதானே என்று யாராவது சொன்னால் மீதி அரைநாள் என்ன செய்கிறாய் என்பதையும் எண்ணிச் சொல். மூன்று பேரும் நல்ல உடம்போடும் நல்ல பேச்சோடும் ஒரு கூரையின் கீழ் நீடித்து இருக்க என் ஆசி. அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார், மறக்காமல் எழுது என்று இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒன்றை மட்டும் மறக்காதே. பத்திரம் எழுதுகிற அன்றைக்கு அவசரப்படுத்துவார்கள், குழந்தை அழும், ஆபீசர் சாப்பிடப் போகிறார் என்பார்கள். போகட்டும். குழந்தையை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு பக்கமாகப் படித்து, உன் பெயர் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடு.

இப்படிக்கு,
உன்மேல் உயிராக இருக்கும்
அம்மா